பொறுப்புச் சொல்ல ஒருவர்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மேல்மாடி வைத்திருப்பவனுக்கு வாடகைக்கு ஆள் பிடிப்பது பெரிய காரியமே இல்லை, ஐயா. ஆளைத் தெரிந்து கொடுப்பதுதான் காரியம். முப்பது வருடமாக நான் ஒரே முறையில்தான் கொடுத்து வந்தேன். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்பேன். எனக்குத் தெரிந்த ஒருவர் கூடவே வந்து, என் விறாந்தையில் தேநீர் குடித்து, "இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லவேண்டும். எழுத்து எதுவும் கேட்டதில்லை.

மேனுகா தனியே வந்தாள். மன்னாரில் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவளாம். பம்பலப்பிட்டியில் வேலை. பொறுப்புச் சொல்ல யார் என்று கேட்டதற்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு யாருக்கும் பிணை நிற்கிற ஒரு கம்பனியின் கடிதத்தை நீட்டினாள். எனக்குப் பிடிக்கவில்லை. என் மனைவி ஜெகதீஸ்வரிதான் இரக்கப்பட்டு இருக்கவிட்டாள். பிழை அங்கேதான் தொடங்கியது, என்னிடம் இல்லை.

நான்காம் மாதம் ஜெகதீஸ்வரி லண்டனுக்கு மகளிடம் போயிருந்தாள். அந்தக் கம்பனியை இழுத்து மூடிவிட்டதாக அப்போதுதான் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை, கம்பனிக்கு எடுத்துப் பார்க்கவென்று மேனுகாவின் போனை வாங்கினேன். யாரும் எடுக்கவில்லை. போனை வைத்துக்கொண்டு, அவள் மேலே இருக்க மாடிப்படியின் இரும்புக் கதவைப் பூட்டினேன்.

"ஒரு மனிசர் வந்து உமக்காக நிக்கட்டும். பிறகு திறக்கிறன்."

"போன் இல்லாம ஆரை அங்கிள் கூப்பிடுறது?"

"உம்மில அக்கறையுள்ள ஆளெண்டால் தேடிக்கொண்டு வரும்."

இதில் என்ன அநியாயம் இருக்கிறது?

மத்தியானம் அவளுக்கு இழுப்பு வந்தது. கத்துவதற்கு மூச்சு இல்லை. கம்பிக்குள்ளால் கையை நீட்டி, "இன்ஹேலர் முடிஞ்சுது அங்கிள், பாமசிக்கு மட்டும் போட்டு வாறன்" என்றாள். போனால் திரும்பி வருவாள் என்பதற்கு யார் பொறுப்பு? அதைத்தான் நானும் கேட்டேன். பிறகு அவள் கதவைத் தட்டத் தொடங்கினாள். பூட்டின் திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தேன். நாலு மணிக்குத் தட்டும் சத்தம் நின்றது. ஐந்தரைக்குத் திறந்தேன். படியில் சரிந்து கிடந்தாள். உயிர் இல்லை.

கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் கேட்டது ஒரேயொரு மனிதரை. அன்று முழுவதும் அவளைத் தேடி என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. என் கணிப்புச் சரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று மணிக்கு அவளுடைய போன் அடித்தது உண்மைதான். மேலே இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்கிற நிலூஷாவாம். "மேனுகாவுக்கு என்ன? நான் இப்ப வந்து பாக்கட்டே?" என்று பதறினாள். பிள்ளை நித்திரை, வரத் தேவையில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் கதைக்கிறவரை எப்படி ஐயா பொறுப்பாளி என்று எடுப்பது?