டேப் சுற்றிய வயர் முனைகள்

பழைய வாஷிங் மெஷினைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும், மேடம். மோட்டார் கல் மாதிரி இருக்கும். டைமர் மட்டும்தான் போயிருக்கும். அதற்குள் தலைமுழுகிவிடுவார்கள். நான் அந்த ரகமில்லை. கைக்கு வந்ததைக் கடைசிவரை விடமாட்டேன்.

எங்கள் வீட்டு மெஷின் என் மாமியார் வாங்கியது. மூடி மேல்பக்கம் இருக்கும். துணி பிழியும் நேரத்தில் மூடியைத் தூக்கினால் 'டக்'கென்று ஒரு சத்தம், டிரம் அப்படியே நின்றுவிடும். என் மனைவிக்கு அந்தச் சத்தம் அத்தனை பழக்கம். டக்கென்றதும் உள்ளே பார்க்காமலே கையை விடுவாள். விட்டுப்போன கைக்குட்டையோ காலுறையோ அப்போதுதான் உள்ளே போகும்.

"பார்த்துப் போடு" என்பேன்.

"ஏன், கடிச்சிடுமா? உங்களைவிட இது சொன்ன பேச்சு கேக்குங்க" என்பாள்.

அவளுடைய வலது கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அவள் தையல்காரி. சாக்குக்கட்டியால் கோடு போடாமலே துணி வெட்டுவாள். கத்தரி வெண்ணெயில் போவதுபோலப் போகும். வெளியூரில் பெரிய ஆடைக் கம்பெனி ஒன்று அந்தக் கையைப் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டது.

"நான் போகத்தாங்க போறேன். அக்கா வீட்ல தங்கிக்குவேன்" என்றாள், சாப்பிட்டுக்கொண்டே.

"அப்ப நான்?"

"உங்களுக்குத் தோணினா வாங்க. அந்த ஊர்லயும் மிஷின் ரிப்பேராகும். இல்லேன்னா உங்க தகர டப்பாங்களோட நிம்மதியா குடித்தனம் நடத்துங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

சொல்லிவைத்த மாதிரி அந்த வாரமே டைமர் மக்கர் பண்ணியது. அதில் என் கை இல்லை, தானாகவே போனது. அந்த மாடலுக்கு இப்போது டைமர் கிடைக்காது. என் ரிப்பேர் கடையில் முன்பக்கக் கதவு வைத்த மெஷின் ஒன்று உடைப்பதற்காகக் கிடந்தது. அதன் டைமரையும் அதைத் திருப்புகிற குமிழையும் கழற்றி வந்து வீட்டு மெஷினில் பொருத்தினேன்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. முன்பக்கக் கதவு, மெஷின் ஓடும்போது பூட்டிக்கொள்ளும். திறக்கவே முடியாது என்பதால், கதவு திறந்தால் என்ன செய்வது என்று அந்த டைமருக்குத் தெரியாது. மேல்மூடி மெஷினில் அதை வைத்தால், மூடிக்கு அடியில் இருக்கிற ஸ்விட்சுக்குத் தனியாக வயர் இழுக்க வேண்டும். அப்போதுதான் மூடியைத் தூக்கினால் மோட்டார் நிற்கும். வாடிக்கையாளர் வீடுகளில் இதை நான் தவறவிட்டதே கிடையாது.

என் வீட்டில் இழுக்கவில்லை. ஸ்விட்சைக் கழற்றவும் இல்லை. மூடியைத் தூக்கினால் பழையபடி டக்கென்றது.

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய எலெக்ட்ரீஷியன் பின்பலகையைத் திறந்து பார்த்துவிட்டார். ஸ்விட்சிலிருந்து வந்த வயர் முனைகளில் டேப் சுற்றியிருந்தது. மறந்தவன் டேப் சுற்றமாட்டான் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். ஈரக் கையோடு புழங்குகிற இடம். வெறும் வயர் எங்கேயாவது பட்டு அவளுக்கு ஷாக் அடித்துவிட்டால்? கட்டிய மனைவியைக் கொல்ல நினைக்கிறவன் குனிந்து உட்கார்ந்து டேப் சுற்றுவானா?

ஊருக்குக் கிளம்பும் முன்பு என் துணியெல்லாம் துவைத்து வைத்துவிடுவதாகச் சொன்னாள். நல்ல மனசு. படுக்கை விரிப்புகளையும் போட்டாள். மெஷின் பிழிய ஆரம்பித்தது. நான் பக்கத்தில் இருந்த குழாயை முழுக்கத் திறந்து தகர வாளியை வைத்தேன். அந்த இரைச்சலில் மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்று யாருக்கும் கேட்காது. பிறகு, நான் ஒளித்து வைத்திருந்த சட்டையை நீட்டினேன்.

"இதை விட்டுட்டியே."

"ரயிலேறப் போறப்பதான் உங்களுக்குக் கண்ணு தெரியும்" என்று என் முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே மூடியைத் தூக்கினாள்.

டக்.

முறுக்கிக்கொண்டிருந்த ஈர விரிப்பு அவள் கையைச் சுற்றி இழுத்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். 'உடனே' பிடுங்கினேன் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன் அல்லவா? அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள்.

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நாங்கள் வாழ்ந்ததுதான் வாழ்க்கை. நான் ஊட்டினேன், தலை வாரினேன், பொத்தான் போட்டுவிட்டேன். அவள் அழுவாள், துடைத்துவிடுவேன். அவள் வேலைக்கு வரமாட்டாள் என்று கம்பெனிக்கும் நானே பேசிச் சொன்னேன். அவளுக்கு என்னைவிட்டால் வேறு யாருமில்லை என்கிற நிலைமை. எத்தனை கணவனுக்குக் கிடைக்கும்?

அவள் அக்கா பார்க்க வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல் துணி போட்டாள். மூடியைத் திறந்தும் டிரம் நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏன் அதைப் பிறகாவது சரிசெய்யவில்லை என்று கேட்டீர்கள். எதற்கு? அதற்கப்புறம் துவைத்தது நான்தானே. ஜாக்கிரதையாகத்தான் துவைத்தேன்.

இடது கையால் துணி வெட்டப் பழகுகிறாளா? அப்படியா. அதே கம்பெனி காத்திருப்பதாக வேறு சொல்கிறீர்கள். கெட்டிக்காரி, பழகிவிடுவாள்.

எனக்கு ஒரே ஒரு அனுமதி வேண்டும், மேடம். கூட ஒரு போலீஸ்காரரை அனுப்பினாலும் சரி. அவள் அக்கா வீட்டில் இருப்பதும் அரதப்பழசான மெஷின்தான். ஒரு நடை போய் அதைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். பாவம், இனி அவளிடம் இருப்பது ஒரே ஒரு கை.