லைன் நிற்கவில்லை

காரின் பிரேக்கை மிதிக்கும்போது அதற்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை. சுண்டுவிரலில் மோதிரமாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் அதன் அளவு. அதை நினைப்பதற்கென்றே எங்கள் கம்பெனி ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அந்த ஆள் நான். பெயர் குராமோச்சி தெத்சுஜி, வயது ஐம்பத்திரண்டு. அவசரமில்லை, முதலிலிருந்து சொல் என்றீர்கள். சொல்கிறேன், ஐயா.

நாங்கள் பிரேக் பூட்டி கார் கம்பெனிக்கு அனுப்புகிறவர்கள். எங்களுக்குக் கீழே இருநூற்றுப் பதினாறு பட்டறைகள். எவரும் எதையும் சேர்த்து வைப்பதில்லை. காலையில் பூட்டுகிற சாமான் விடியலில்தான் வந்து இறங்கும். அதுதான் எங்கள் மிகாவா வட்டாரத்து வழக்கம், எங்களுடைய பெருமையும் அதுதான். ஒரு பட்டறை படுத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் எங்கள் அசெம்பிளி லைன் நிற்கும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் கார் கம்பெனியின் லைனும் நிற்கும்.

லைன் நின்றது என்பது உங்களுக்குப் பேப்பரில் ஒரு செய்தி. என் அப்பா வார்ப்பாலையில் தினக்கூலிக்கு இரும்புக் குழம்பு ஊற்றினவர். நான் ஆறாவது படிக்கும்போது வெள்ளத்தில் ஒரு ஸ்பிரிங் பட்டறை மூழ்கியது. ஸ்பிரிங் வரவில்லை, லைன் நின்றது, கூலியாட்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பதினான்கு நாள் பார்த்துவிட்டு அப்பா நகோயா துறைமுகத்துக்கு மூட்டை இறக்கப் போனார். பழக்கமில்லாத வேலை. நான்காம் நாள் அடுக்கு சரிந்து மேலே விழுந்தது. அவரைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர், எங்கள் வாசலில் நின்றபடியே, நாளைக்கு லைன் ஓடப்போகிறதாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

அதனால்தான் அந்த வரைபடத்தைச் செய்தேன். மூன்று வருஷ வேலை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பட்டறையும் ஒரு புள்ளி. ஒரு புள்ளியை அணைத்தால் அதன் வேலை எந்தெந்தப் பட்டறைக்கு வழிந்து போகும், யார் எத்தனை மணி நேரத்தில் தன் மிஷினை மாற்றிக்கொள்வார், லாரி எந்த ரோட்டில் திரும்பும், எல்லாம் தெரியும். இருநூற்றுப் பதினைந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். லைன் ஓடியது. ஒன்றே ஒன்றை அணைத்தபோது மட்டும் திரை முழுவதும் சிவந்தது. அது ஹிபினோவின் பட்டறை.

ஹிபினோ அறுபத்தெட்டு வயதுக்காரர். முப்பத்தேழு வருஷமாக அந்த வளையத்தை அவர் ஒருவர்தான் செய்தார். இத்தனை காலம் கொடுத்தவரிடம் போய் இன்னொருவரும் செய்யட்டும் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் காறித் துப்புவதற்குச் சமம். தெரிந்துதான் ஏப்ரலில் போனேன். ஒன்று, அச்சின் அளவுகளை வேறு மூன்று பட்டறைகளுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் இரண்டு வார வளையத்தையாவது சேர்த்து வையுங்கள் என்றேன்.

அவர் மிஷினை நிறுத்தவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மூணு பேருக்குக் குடுக்கணுமா? அப்படியே என் பொண்டாட்டியையும் மூணு வீட்டுக்கு அனுப்பிரட்டுமா?"

வளையங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஃபுசாயோ நிமிரவே இல்லை. "அனுப்புங்க. மூணு வீட்லயும் உங்களவிட மரியாதையா நடத்துவாங்க."

"பாத்தியா தம்பி, உன்னால என் குடும்பமே கலையுது. சேத்து வைக்கிறதாவது! நான் என்ன செத்தா போகப்போறேன்? உங்கப்பன் மாதிரி மூட்டைக்கு அடியில போற ஆளா நானு?"

சொன்ன பிறகு அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். பார்லி டீயை என் பக்கம் தள்ளிவைத்தார். குடித்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் எங்கள் இயக்குநர் இனகாகி என்னைக் கூப்பிட்டார். கம்பெனியிலும் பட்டறைகளிலும் எனக்குக் குடைக்காரன் என்று பட்டப்பெயர், வைத்தவர் அவர்தான்.

"குராமோச்சி, மூணு வருஷமா மழை வருது மழை வருதுன்னு கொடையப் பிடிச்சிட்டு நிக்கிறே. ஒரு தூறலாச்சும் விழுந்துச்சாய்யா?"

"விழுந்தா ஒரு நாள் தாங்க மாட்டோம், சார்."

"விழட்டும், பாத்துக்கலாம். லீவு முடிஞ்சு திங்கக்கெழமை வா. உன் செக்‌ஷனை மூடிரலாம். குடோன் கேட்ல ஒரு ஆள் வேணுமாம்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் திரை சிவக்கிறது. நானூறு கூலியாட்களின் வீட்டு வாசல்கள் தெரிகின்றன, ஒவ்வொன்றிலும் யாரையோ தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். சங்கத்தில் சொன்னேன், தரப் பிரிவில் சொன்னேன், இனகாகியின் வீட்டு வாசலில் நின்று மண்டியிட்டேன். அவர் மனைவி ஒரு தர்ப்பூசணியைக் கையில் கொடுத்து அனுப்பினார். ஒரு முறை கண்ணால் பார்த்தால் போதும், நம்பிவிடுவார்கள் என்று தோன்றியது. யாரையும் மூழ்கடிக்காத ஒரு சின்ன வெள்ளம். அதை நானே கொண்டுவந்தால் அளவோடு இருக்கும்.

ஓபோன் விடுமுறையில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். உயிரோடிருப்பவர்கள் கல்லறையைக் கழுவ ஊருக்குப் போவார்கள். ஹிபினோவும் மனைவியின் ஊருக்குப் போவார் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போனேன். பின்வாசலில் கழிவு ரப்பர் குவிந்திருந்தது. ஒரு கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி அங்கே வைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் பத்திரிகையில் வராத பாதியை நான் சொல்லியாக வேண்டும். அன்று சாயங்காலமே ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பட்டறை எரிந்தால் போட்டிக்காரனும் வருவான். வளையத்தை நானே ரகசியமாக அளந்து எழுதிவைத்திருந்த தாள்களை எடுத்துக் கொடுத்தேன். பால் கறக்கும் மிஷினுக்கு ரப்பர் குழல் செய்கிறவர் தன் அச்சைக் கழற்றிவிட்டு வளையத்துக்கு அச்சு வெட்டி மாட்டினார். லாரிக்காரர்கள் கல்லறையிலிருந்து நேரே வந்தார்கள், சட்டையில் ஊதுபத்தி வாசனையோடு. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முதல் ஆயிரம் வளையம் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை லைன் மெதுவாக ஓடியது. நிற்கவில்லை. ஒரு கூலியாள்கூட வீட்டுக்குப் போகவில்லை. இனகாகி எல்லோர் முன்னிலையிலும் எனக்குத் தலை தாழ்த்தினார். செக்‌ஷனை மூடும் பேச்சு நின்றது.

ஹிபினோ ஷட்டரை உள்ளே பூட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். ரப்பர் புகை இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அவர் பின்வாசல் பக்கம்தான் வந்திருக்கிறார்.

சாவு வீட்டில் ஃபுசாயோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்காகத்தான் தம்பி செஞ்சிட்டிருந்தாரு. அன்னிக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாருல்ல, அப்பறம் மனசு கேக்கல. சனி ஞாயிறெல்லாம் ஒத்தையா நின்னு பொட்டி பொட்டியா சேத்தாரு. ரெண்டு வாரத்துக்குச் சேத்துட்டு, அவன் மூஞ்சியில எறியறேன் பாரு, அந்தக் கொடைக்காரப் பயன்னாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. என்னை மட்டும் ஊருக்கு அனுப்பிட்டு இவரு நின்னுட்டாரு."

நான் குனிந்து நின்றேன். துக்கத்தில் குனிந்ததாக அவர் நினைத்திருப்பார்.

எரிந்த இடத்தில் கொசுவர்த்தியை நிறுத்தும் தகடு கிடைத்தது. கிழவரின் கவனக்குறைவு என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். அந்த அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. புகை ரப்பரில் ஏறிவிடும் என்று முப்பத்தேழு வருஷமாக அவர் பட்டறைப் பக்கத்தில் சுருளோ சிகரெட்டோ கொளுத்தவிட்டதில்லை என்று உங்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். அது எனக்குத் தெரியாது. அத்தனை பட்டறைகளைப் பற்றி அத்தனை விவரம் சேர்த்தேன், இதை மட்டும் கேட்டு வைக்கவில்லை. பிறகு நீங்கள் எதிரே அரிசி தீட்டும் கடையின் கேமராவைப் பார்த்தீர்கள். என் வண்டி இருந்தது.

இனி, இரண்டு நாளாக நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி. உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்று நேற்று கையெழுத்துப் போட்டேன். அதை அடித்துவிடுங்கள்.

வளையத்தை அச்சில் அழுத்தும் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அது திறக்கும் சத்தம் கேட்டது. விடுமுறையில் பிரஸ் தானாக ஓடாது. பின்பக்க ஜன்னலில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதன் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பனியனோடு முதுகைக் காட்டி நின்றார். சுவரோரமாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எங்கள் கம்பெனிச் சீட்டு. எண்ணினேன். ஒரு பெட்டி ஒரு நாள் சாமான். பதிமூன்று நிறைந்திருந்தன, பதினான்காவது பாதி.

கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பார். திட்டிக்கொண்டே உட்காரச் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை பெட்டிகள் வந்து இறங்கியிருக்கும். லைனுக்கு இனி ஆபத்து இல்லை. என் வரைபடத்துக்கு இனி வேலை இல்லை. இந்த இரண்டையும் அந்த ஜன்னலில் நின்றே யோசித்து முடித்தேன்.

சுருளை அதற்குப் பிறகுதான் கொளுத்தினேன்.