கையெழுத்திட மறுத்த ரோசலின் அம்மையாருக்கு

சொல்லில் சிக்கனமும் செயலில் செம்மையும் சிரிப்பில் தாராளமும் கொண்டவர். மைசூரு நீர், மண் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து மூத்த வேதியியலாளராய் உயர்ந்தவர். இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய திருமதி ரோசலின் பிரகாசம் அவர்களுக்கு, உடன் பணியாற்றும் தமிழர் ஐவர் வணங்கி வழங்கும் மடல் இது. அலுவலகத்தின் கன்னட மடல் காலையிலேயே வாசிக்கப்பட்டு, அம்மையாரின் பதவிகளையும் பாராட்டுகளையும் குறைவின்றிச் சொல்லிவிட்டது. அதில் இடம்பெறாத ஒரு நாளை நாங்கள் சொல்கிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், சாமராஜநகர் சாலையை ஒட்டி, ராணுவத்தினர் முன்பு குண்டு வீசிப் பழகிய சுடுதளம் ஒன்று அரசின் கைக்குத் திரும்பி வந்தது. நிலம் சுத்தமாகிவிட்டது என்று காகிதம் சொன்னது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் எழுப்ப நாளும் குறித்தாயிற்று. அந்த இடத்து ஆழ்துளைக் கிணற்றின் நீர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. கண்ணுக்குத் தெளிவாய், மூக்குக்கு மணமற்று இருந்த அந்த நீரில் வெடிமருந்தின் எச்சம் கரைந்திருப்பதை அம்மையார் கண்டார்.

பள்ளிப் பணிக்குப் பொறுப்பாயிருந்த அப்போதைய அதிகாரி தயங்கினார். "ஒரே ஒரு மாதிரிய வெச்சு எப்படிம்மா முடிவு பண்றது? எல்லாரும் காத்துட்டிருக்காங்க. குடிக்கலாம்னு கையெழுத்துப் போட்டுடுங்க."

"ஒரு மாதிரி போதாதுன்னா இன்னொண்ணு எடுத்துட்டு வர்றேன் சார். இந்தத் தண்ணிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் அம்மையார். குரல் உயரவில்லை. எங்களில் ஒருவரான ஓட்டுநர் சீனுவை அழைத்துக்கொண்டு, இரண்டாம் மாதிரி எடுக்க ஜீப்பில் கிளம்பிவிட்டார்.

சுடுதளத்தில் ஹனூரிலிருந்து வந்து குடியேறியிருந்த மல்லம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மண்ணில் பாதி புதைந்த ஓர் இரும்பில் சினை ஆடு ஒன்றைக் கட்டியிருந்தார். அம்மையார் நான்கு எட்டு நடந்துவிட்டு நின்றார். இரும்பின் மேல்முனையில் மீனின் வால்போலத் தகடுகள் விரிந்திருந்தன.

"அது என்னம்மா?"

"முளைதானுங்க. போன மழைக்கு மண்ணு கரைஞ்சு தானா வெளிய வந்துச்சு. ஆடு கட்டத் தோதா இருக்குதுங்க."

"அது குண்டும்மா, வெடிக்காத குண்டு. ஆட்ட அப்படியே விட்டுட்டு, வந்த வழியாவே எங்கிட்ட வந்துடுங்க."

"சினை ஆட்ட உட்டுப்போட்டு நான் எப்படீங்க வர்றது?"

மல்லம்மா அசையவில்லை. ஆடோ எட்டாத பசுந்தழைக்காகக் கயிற்றை வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தது. சீனுவைச் சாலைக்கு ஓடிப்போய்க் காவல்துறைக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு, பையிலிருந்த கத்தரிக்கோலுடன் அம்மையார் மல்லம்மாவின் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்தார். மல்லம்மா ஆட்டின் கழுத்தை அணைத்துக் கயிறு தளர நிறுத்த, அம்மையார் அதைக் கழுத்தோரமாய் வெட்டினார். மூன்று உயிர்களும் சாலைக்குத் திரும்பின.

பிற்பகலில் ராணுவ வல்லுநர்கள் வந்து, மணல் மூட்டைகளை அடுக்கி அந்தக் குண்டை வெடிக்கச் செய்தபோது, சாலைக்கு அப்பாலிருந்த வீடுகளின் ஓடுகள் அதிர்ந்தன. அடுத்த சில மாதங்களில் அதே நிலத்திலிருந்து மேலும் அறுபத்தொரு குண்டுகள் எடுக்கப்பட்டன. இரண்டாம் மாதிரி முதலாவதைவிட மோசமாயிருந்தது. அதன் அறிக்கையைப் படித்த அதிகாரி, பள்ளிக்குக் குறித்த நாளைத் தாமே ரத்து செய்தார்.

அந்தக் கயிற்றை வெட்டியதை வீரம் என்று நாங்கள் புகழும்போதெல்லாம் அம்மையார் முகம் சுளிப்பார். "அது தப்பு. அந்தம்மாவக் கெஞ்சிக் கூத்தாடியாவது இழுத்துட்டு வந்திருக்கணும். நீங்க யாரும் அப்படிச் செய்யாதீங்க," என்று புதிதாய்ச் சேர்வோர் அனைவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். தம் தவற்றைத் தாமே பாடமாக்கிய பெருந்தகை அவர்.

அங்குள்ள குடியிருப்புகளுக்கு இப்போது காவிரி நீர் குழாயில் வருகிறது. மேல்மண் அகற்றி, அங்குலம் அங்குலமாய்ச் சோதித்த கிழக்குப் பகுதியில் சென்ற ஜூனில் பள்ளி திறந்தது. திறப்பு விழாவில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த மல்லம்மா, பள்ளிக் குழாயைக் காட்டி, "இப்ப நம்பிக் குடிக்கலாமுங்களா?" என்று கேட்டார். "நானே ஏழு தடவ பாத்துட்டேன். தாராளமா குடிங்க," என்றார் அம்மையார். அன்று அவர் முகத்தில் மலர்ந்த நிறைவை எந்த விருது விழாவிலும் நாங்கள் கண்டதில்லை.

மேற்குப் பகுதியில் நாற்பது ஏக்கர் இன்னும் வேலிக்குள் இருக்கிறது. அந்த மண் தெளியப் பதினான்கு ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். ஆகவே அம்மையாரே, நீடூழி வாழ்க என்று பொதுவாய் வாழ்த்தி நிறுத்த எங்களுக்கு மனமில்லை. பிரகாசம் ஐயாவுடன் நலமாய், நோயின்றி, குறைந்தது பதினான்கு ஆண்டுகளாவது திடமாய் நடமாடுங்கள். வேலி அகலும் நாளில் உங்களை அழைத்துப் போக நாங்கள் ஜீப்போடு வாசலில் நிற்போம்.

என்றும் அன்புடன்,
சௌம்யா, காளியப்பன், தருண்குமார், நிம்மி, சீனு
நீர், மண் ஆய்வகம், மைசூரு