அடைகாக்கும் காலம்

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. எனக்குச் சத்தம்தான் ஆகாது. அந்த மின்விசிறியை நிறுத்தினால் நிதானமாகச் சொல்வேன்.

கடற்பறவைச் சரணாலயத்துக்கு நான் பொறுப்பாளர். கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பாறைத் திட்டு. ஆலாப் பறவைகள் அங்கே வந்து முட்டையிடும். பார்க்க வருகிறவர்களுக்காக விளக்குகள் வைத்துக் கோபுரம் கட்டினோம். அழகான கோபுரம். அடுத்த பருவத்திலிருந்து பறவைகள் வரவில்லை. அவற்றுக்கு ரசனை இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்?

மரத்தில் பறவை செய்து பாறையில் வைத்தால், கூட்டம் இருக்கிறதென்று நம்பி நிஜப் பறவைகள் இறங்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நானும் கிடங்கில் உட்கார்ந்து என் கையாலேயே பெயின்ட் அடித்து வைத்தேன். பறவைகள் நம்பவில்லை. மனிதர்கள் நம்பினார்கள். தொலைநோக்கியில் பார்த்துக் கண்கலங்கியவர்கள் உண்டு. ஏன் அசையவே இல்லை என்று ஒரு அம்மாள் கேட்டார். அடைகாக்கிறது என்றேன். தாய்மை என்றால் சும்மாவா என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் கொஞ்சம் கூடுதலாகச் செய்து வைத்தேன். சரணாலயம் செழித்தது, மேலிடத்தில் விருதும் கொடுத்தார்கள். அடைகாக்கும் காலத்தில் திட்டுப் பக்கம் ஆள் போகக்கூடாது, படகுச் சத்தமே கூடாது என்பதில் நான் படுகறார்.

கணக்கெடுக்கும் வேலைக்கு மச்சானைச் சேர்த்துவிட்டது நான்தான். மனைவிக்கு ஒரே தம்பி. வீட்டு ஆள், சொன்னதை எழுதிக்கொண்டு போவான் என்று நினைத்தேன். அவனோ கிட்டே போய்த்தான் எண்ணுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பார்வையாளர் இல்லாத ஒரு நாள், என்னிடம் சொல்லாமல், தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து நடந்தே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் என் மேசையிலிருந்த வாக்கிடாக்கி பேசியது.

“மாமா, எல்லாம் மரம்.”

நான் தொலைநோக்கியைத் திட்டுப் பக்கம் திருப்பினேன். அவன் கோபப்படவில்லை.

“அக்கா முகத்துக்காக நானா வெளிய சொல்ல மாட்டேன். ஆனா பொய்க் கணக்கு எழுத மாட்டேன் மாமா. நீங்களே மேல சொல்லிடுங்க.”

தங்கமான பையன். அவனிடம் இருந்த கோளாறே அதுதான்.

திரும்பும்போது பாறை இடுக்கில் அவன் கால் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. படகு அனுப்பச் சொன்னான். தொலைநோக்கியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தான். நல்ல தொலைநோக்கி அது. எங்கள் படகுக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“யாரோ கத்துற மாதிரி இருக்குங்கய்யா. படகை எடுக்கட்டுங்களா?”

பறவைச் சத்தம்தான், முட்டை வைத்திருக்கிற நேரம், எஞ்சினைத் தொடாதே என்றேன். இத்தனை வருடமாக நான் பழக்கி வைத்த மனிதர். தலையாட்டிவிட்டுப் போனார்.

தண்ணீர் மார்பளவு வந்தபோது மச்சான் மறுபடி பேசினான். குரலில், நம்பமாட்டீர்கள், சந்தோஷம் இருந்தது.

“மாமா, இங்க மேல் பாறையில நிஜமாவே ஒரு ஆலா உக்காந்திருக்கு. முட்டை வச்சிருக்கு. வரும்போது வடக்குப் பக்கமா ஏறாதீங்க, மிதிச்சிடப் போறீங்க.”

ஆசை காட்டுகிறான் என்று நினைத்து வாக்கிடாக்கியை அணைத்தேன். பேட்டரி வீணாவது எனக்குப் பிடிக்காது. பிறகு அவன் தலைக்கு மேல் தண்ணீர் மூடிச் சமமாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தையில் என்ன இருக்கிறது. மனைவி என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது.

மறுநாள் உங்கள் ஆட்களோடு உடலை எடுக்கப் போனேன். வடக்குப் பக்கம்தான் ஏறச் சுலபம். செருப்புக்கடியில் ஏதோ நொறுங்கியது. காலைத் தூக்கிப் பார்த்தால் முட்டை ஓடும் மஞ்சளும். என் தலைக்கு மேல் ஒற்றை ஆலா கத்திக்கொண்டே சுற்றியது. மச்சானைப் பார்த்தபோது வராத அழுகை எனக்கு அப்போது பொத்துக்கொண்டு வந்தது.

இதற்காகத்தான் ஐயா, அடைகாக்கும் காலத்தில் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.