பேண்ட் காயட்டும் சார்

அட, உக்காருங்க சார். சொட்டச் சொட்ட ஈரத்தோட கமிட்டி ரூமுக்குள்ள போனா என்ன நினைப்பாங்க? அந்தத் துண்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு ஸ்டூல்ல உக்காருங்க. சலவை ரூம் வாசல்ல அழுக்குத் தண்ணி வாளிய வச்சது என் தப்புதான்... நீங்க இவ்வளவு வேகமா வருவீங்கன்னு யாரு கண்டா? பேண்ட்ட அலசிப் பிழிஞ்சாச்சு. அயர்ன் பாக்ஸ் சூடானதும் ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான். அதுவரைக்கும் நான் இந்த ஜெர்ஸியத் தைச்சுக்கிட்டிருக்கேன்.

பாப்பா, மாமா துண்ட இழுக்காத.

உங்களத் தெரியாமலா சார்? எல்லா காலேஜ் டீமுக்கும் போய் எவன் என்ன சேட்டை பண்ணினான், யாருக்கு எத்தனை மஞ்சள் அட்டைன்னு கணக்கு வச்சிருக்கீங்க. பசங்க உங்களுக்கு மஞ்சள் மாமான்னு பேரே வச்சிருக்காங்க. பாசமாத்தான் சார்.

எங்க ஒன்பதாம் நம்பர், அவன் என் கூடப்பொறந்த தம்பி. அவனோட மூணாவது அட்டையச் சொல்லத்தான போறீங்க? மூணு ஆச்சுன்னா நாளைக்கு ஃபைனல்ல ஆட முடியாது. முதல் ரெண்டுக்கும் நான் வாயே திறக்கல சார். ரெஃப்ரீகிட்டப் போய் கண் டாக்டரப் பாருங்கன்னு சொன்னான், அது ஒண்ணு. ஜெயிக்கிற நேரத்துல ஷூ லேச கட்டினான், கட்டினான், கட்டிக்கிட்டே இருந்தான். அது இன்னொண்ணு. அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் அவன்கிட்டப் பேசவே இல்ல. எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

ஆனா மூணாவது என்ன? கோல் போட்டுட்டு சட்டையக் கழட்டினான். இந்தக் காலரப் பாருங்க. எதிர் டீம் தடியன் பிடிச்சு இழுத்துக் கிழிச்சது. அவன் கணக்குல ஒண்ணுமில்ல. அடுத்தவன் சட்டையக் கிழிச்சா சும்மா விடுவீங்க, தன் சட்டையத் தானே கழட்டினா குத்தமா?

சட்டம்தான். சரி. ஆனா ஏன் கழட்டினான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

அவன் கோல் போட்டா நெஞ்சால சறுக்கிக்கிட்டே போவான் சார். மழை பேஞ்ச மைதானம் வேற. அந்தச் சேத்தத் தேய்ச்சு என் கை தோலே உரிஞ்சுடுச்சு. இன்னொரு தடவை ஜெர்ஸியச் சேறாக்கிட்டு வந்தா உன் மருமகளத் தூக்கவே விடமாட்டேன்னு சொல்லிட்டேன். இதோ, உங்க துண்டுல தொங்குறாளே, இவளத்தான். விடுடி.

அன்னிக்கு கோல் விழுந்துச்சு. சறுக்கப் போனான். என் ஞாபகம் வந்துடுச்சு பாவம். ஜெர்ஸியக் கழட்டி, மடிச்சு, கோட்டோரம் கொடி வச்சிருந்தவர் கையில பத்திரமாக் குடுத்துட்டு அப்புறம்தான் சேத்துல விழுந்தான். ஊரே சிரிச்சுது. நான் கை தட்டிக்கிட்டிருந்தேன், அட்டைய நீட்டினதும் தட்டின கை அப்படியே நின்னுடுச்சு.

அப்ப குத்தம் யாரோடது? என் பேரச் சொல்லுங்க சார். நாளைக்கு நான் மைதானத்துப் பக்கமே வரல, அவன் ஆடட்டும்.

என்ன சார், எழுந்துட்டீங்க? தெரியும், மணி அடிச்சா ஆடுறவங்க லிஸ்ட்ட மூடிடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க சொன்னாலும் எடுபடாது... பேண்ட்டா? இன்னும் சூடு ஏறலியே. இப்படியேவா போறீங்க? சார், மைதானத்துக் குறுக்கால வேண்டாம், பசங்க பிராக்டீஸ்ல இருக்காங்க. பாப்பா, மாமா துண்ட விடு...

விட்டுட்டியா?

சரி. அப்ப ஏன்டி அது உன் கையிலயே இருக்கு?

பாவம், பாதி மைதானம் போனப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. நல்லவேளை, சட்டை நீளம். அதோ, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னு கை ஆட்டுறாரு பாரு. பசங்க விசில் அடிக்கிறாங்க. என் தம்பியாவது மடிச்சுக் குடுத்துட்டுப் போனான்.

மணி அடிச்சிடுச்சு பாப்பா.

தள்ளிக்கோ, அயர்ன் பாக்ஸ் ப்ளக்கச் சொருகணும். மாமா பேண்ட்டுக்கு வருவாரு.