முன் சீட்டுக்குப் போன கை

கையெழுத்தெல்லாம் போட மாட்டேன் வக்கீலம்மா, பேனாவை மூடி வைங்க. நீங்க சொன்னது புரியாம இல்ல. விபத்து நடந்து இத்தனை வருஷம் கழிச்சுப் போட்ட கேசு, காலம் தாண்டிப் போச்சுன்னு ஒரு மனு குடுத்தா ஜட்ஜு தள்ளுபடி பண்ணிடுவாரு. அதானே? வேணாம். ஓடி ஒளிஞ்சுக்க நான் என்ன திருட்டுத்தனமா பண்ணேன்?

கூடப் பொறந்த தங்கச்சியே என் மேல கேசு போட்டிருக்கா. அதுகூடப் பரவாயில்ல. என்னன்னு எழுதியிருக்கா பாருங்க. வண்டி ஓட்டத் தெரியாதவ, ஸ்டியரிங்கிலேருந்து கையை எடுத்துட்டான்னு. யாரு, நானா ஓட்டத் தெரியாதவ? ஸ்கூல் வேன் ஓட்டறேம்மா. ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்திருக்கான்னு எந்தப் பெத்தவங்களை வேணா கேளுங்க.

கையை எடுத்தது வாஸ்தவம்தான், இல்லைங்கல. வேன்ல முன் சீட்டுல எப்பவும் ஏதாவது ஒரு வாண்டு உக்காந்திருக்கும். பிரேக்குக்குக் கால் போனா இடது கை தானா அந்தப் பக்கம் போயிடும், அது முன்னாடி சாயாம இருக்க. யோசிச்சுச் செய்யறதில்ல அது. அன்னிக்கு என் சொந்தக் காரு, பக்கத்துல இவ. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பெல்ட்டைப் போடுடின்னா, டிரெஸ் கசங்கிடும்னு ஒரே அலட்டல். குறுக்க பைக்குல ஒருத்தன் பூந்தான். பிரேக்கை மிதிச்சேன், கை அவ பக்கம் போயிடுச்சு. ஒத்தைக் கையில திருப்புனதுல வண்டி இழுத்துட்டுப் போய் அவ பக்கமா விளக்குக் கம்பத்துல இடிச்சு, அவ தோள்பட்டை நொறுங்கிடுச்சு. என் கை குறுக்க இல்லேன்னா அவ மூஞ்சி கண்ணாடியில போயிருக்கும். அதை எங்கயாவது எழுதியிருக்காங்களா?

என்னம்மா? ரெண்டு கையும் ஸ்டியரிங்கில இருந்திருந்தா கம்பத்துல இடிச்சே இருக்காதா? இருக்கலாம். ஜட்ஜு கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். இன்னொரு தடவை நடந்தாலும் அந்தக் கை அங்கதான் போகும்.

அவளுக்கு வலி இல்லேன்னு நான் எங்க சொன்னேன்? பார்லர்ல முடி வெட்டறவ. இப்ப அந்தக் கை தோளுக்கு மேல எழும்பாது. முதல்ல சரியாயிடும்னாங்க, அப்புறம் ஆபரேஷன்னாங்க, கடைசியில வேலையும் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் நின்னேன், முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அதோட சரி. போன் பண்ணா எடுக்க மாட்டா. வீட்டுக்குப் போனா அவ வீட்டுக்காரரு கதவைப் பாதி தொறந்து வெச்சுக்கிட்டு, தூங்கறாம்பாரு. பட்டப்பகல்ல என்னய்யா தூக்கம்னு ஒரு நாள் கேட்டே விட்டேன்.

இவளுக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்கா, ஜெயிக்கற கேசை வேணாங்கறாளேன்னு பாக்கறீங்க. போன வாய்தா அன்னிக்கு நீங்க உள்ள யார்கூடயோ பேசிட்டிருந்தீங்க. கோர்ட்டு வராந்தாவுல ஒரே பெஞ்சு. அந்தக் கோடியில அவ, இந்தக் கோடியில நான். வீட்டுக்காரரு தண்ணி வாங்கப் போயிருந்தாரு. ரொம்ப நேரம் என் தலையையே பாத்தா. முன்னெல்லாம் என் முடியை அவதான் வெட்டி விடுவா. இப்ப நானே கண்ணாடி முன்னாடி நின்னு ஏதோ கத்திரிச்சுக்கறேன். திடீர்னு கேட்டா, யாரு அக்கா இப்படிக் கொதறி வெச்சதுன்னு.

அக்கான்னு கூப்பிட்டா வக்கீலம்மா. அவ வாயால அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள டவாலி எங்க கேசைக் கூப்பிட்டுட்டாரு.

கேசு தள்ளுபடி ஆயிட்டா அவ கோர்ட்டுக்கு எதுக்கு வரப் போறா? நான் எங்க போய் அவளைப் பாக்கறது? மனுவைக் கிழிச்சுப் போடுங்க. அடுத்த வாய்தா என்னிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லல.