இரண்டு படத்திலும் இருந்த கோடு

இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இரண்டு கண்களின் மேல் சத்தியம் செய்கிறேன். இரண்டும் கிட்டத்தட்டப் புதுசு. உள்ளே லென்ஸ் வைத்து ஆறு வாரம்தான் ஆகிறது.

விசாரணை அதிகாரி அம்மா அவர்கள் ஒரு நோட்டையும் பேனாவையும் மேஜைமேல் வைத்து, "நடந்ததை நடந்தபடி, சுருக்கமா எழுதுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நடந்தபடி எழுத எனக்கு வரும். சுருக்கமாக எழுத வராது. அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். இது என் முதல் ஒப்புதல்.

என் வேலை, அணு உலையில் ரிப்பேர் செய்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தைப் பார்த்து "ஏற்கலாம்" அல்லது "அறுக்கவும்" என்று எழுதுவது. முப்பத்தொன்பது வருடம் எழுதினேன். டாக்டர் எலும்பைப் பார்ப்பது போலத்தான். என்ன, என் நோயாளிகள் வலிக்கிறது என்று வாய் திறக்க மாட்டார்கள். குறையே இல்லாத வெல்டிங்கை நான் பார்த்ததில்லை, குறையே இல்லாத நாத்தனாரை என் மனைவி பார்க்காத மாதிரி. எவ்வளவு பெரிய குறை என்பதுதான் கேள்வி. எங்கள் குழாய்களில் ஆறு மில்லிமீட்டர் வரை விட்டுவிடலாம். தாண்டினால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும்.

எனக்குக் கை ராசி உண்டு. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு இரும்புக் கட்டிலின் காலை விரலால் தடவிப் பார்த்து, "இது மூன்று மாதம்தான்" என்றேன். சரியாகத் தொண்ணூற்றொன்றாம் நாள் மாமனார் கட்டிலோடு தரைக்கு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் உட்காரும் நாற்காலியை எல்லோரும் கவனித்தார்கள். நான் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டால் அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். வேலை தேடிக்கொண்டிருந்த என் மைத்துனன் அந்தக் கட்டில் காலைக் கையில் எடுத்து, "அத்தான், இதை விழாத மாதிரி ஒட்ட நான் கத்துக்கணும்" என்றான்.

கற்றுக்கொண்டான். எங்கள் உலையில் அவனைப் போல ஒரு வெல்டர் வந்ததில்லை. நூல் பிடித்த மாதிரிப் பற்றவைப்பான் என்பதால் எல்லோரும் அவனை நூல் என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்ததாகக் கேள்வி.

இரண்டு வருடம் முன்பு என் விளக்குப் பெட்டிக்குள் புகை வந்தது. எக்ஸ்ரே படத்தை வைத்துப் பார்க்கும் பெட்டி அது. பல்பை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மறுபடி புகை. மூன்றாவது பல்புக்குப் பிறகுதான் புகை பெட்டியில் இல்லை, என் கண்ணில் என்று விளங்கியது.

ஆபரேஷன் செய்துகொண்டிருக்கலாம் என்பீர்கள். கண்ணில் கத்தி வைக்கும் ஆளிடம், "உங்க கண்ணு எப்படி?" என்று நான் எப்படிக் கேட்பது? அதோடு, ஓய்வு வயது தாண்டியும் வேறு ஆள் இல்லை என்றுதான் என்னை வைத்திருந்தார்கள். ஒரு முறை அந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் திரும்ப உட்கார விட மாட்டார்கள். என் மனைவியிடம் சொன்னேன். நூலிடம் சொன்னேன். வேறு யாருக்கும் தெரியாது.

நூல் ஒரு வழி செய்தான். தன் வேலை முடிந்ததும் என் அறைக்கு வந்து பக்கத்தில் உட்காருவான். படத்தை அவன் படிப்பான், நான் எழுதுவேன்.

"மூணாவதுல ரெண்டு குமிழ் அத்தான். ஏழு மில்லி வரும்."

"யாரோட வேலை?"

"என்னோடதுதான். எழுதுங்க, அறுக்கணும்."

"ஆறுன்னு போடட்டுமா?"

"ஏழுன்னா ஏழு. அக்கா கைல நான் சோறு தின்னிருக்கேன், உங்க பேனாவுல பொய் எழுத வெக்க மாட்டேன்."

இப்படி ஒன்றரை வருடம். அவன் கண்ணால் நான் பார்த்தேன். இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். வருடாவருடம் வருகிற ஏதோ படிவத்தை எழுத்தரம்மா கொண்டுவந்தார். நான் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, டிக் ஒன்று அடித்து, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினேன். "பாத்தீங்களா? இந்த வயசுல கண்ணாடி இல்லாம" என்றேன். அந்த அம்மா அசந்துபோய்ப் பார்த்தார். இதை எழுதுவதற்குக் காரணம், அப்போதெல்லாம் நான் எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

பத்து நாள் கழித்துப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். கையில் ஒரு தாள்.

"உங்க கண்ணு சரியில்லைன்னு எழுத்துல வந்திருக்கு" என்றார். "நேர்ல வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்படித் தாள்லதான் தெரிஞ்சுக்கணுமா? இத்தனை வருஷப் பழக்கம்."

"எனக்கும் அதேதான் சார் வருத்தம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பம்பு அறையில் ஒரு ரிப்பேர் தொடங்கப்போகிறது, படம் பார்க்க வேறு ஆள் வர மாதங்கள் ஆகும், அதை மட்டும் முடித்துவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள் என்றார். தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. நூலின் எழுத்து அப்படித்தான் சாயும். முப்பத்தொன்பது வருடம் தலைமுடி அகலக் கோடுகளைப் பிரித்தறிந்தவனுக்கு ஒரு கையெழுத்தா தெரியாது?

தெரிந்தவர்கள் இரண்டே பேர். என் மனைவி எழுதியிருக்க மாட்டாள். அவள் என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஒரு தாளில் அடங்காது. மிச்சம் யார்?

வீட்டுக்குப் போனேன். அவன் என் வீட்டில்தான் இருந்தான், அக்காவுக்குக் குக்கர் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டு. "என்ன அத்தான், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றான். "வெயில்" என்றேன். கேட்டிருக்கலாம் என்பீர்கள். முதுகில் குத்தியவனிடம் "நீயாப்பா?" என்று கேட்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

இனி அந்தப் பம்பு அறை. தண்ணீரை உலைக்குள் தள்ளும் பெரிய பம்பு. அதன் வாயில் குழாய் சேரும் இடத்தில் பழைய வெல்டிங் தேய்ந்துவிட்டது. அறை முழுக்கக் கதிர்வீச்சு. தலை முதல் கால் வரை உறை போட்டு, மார்பில் கதிர்வீச்சு அளவி மாட்டி, ஒரு தடவைக்கு இருபது நிமிடம்தான் உள்ளே இருக்கலாம். ஒருவர் உடம்பு ஒரு வருடத்தில் இவ்வளவு கதிர்தான் வாங்கலாம் என்று கணக்கு உண்டு. எங்கள் விதிப்படி, பற்றவைத்தவனே தன் குறையைச் சரிசெய்ய வேண்டும். நல்ல விதி, அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

நூல் பற்றவைத்தான். நான் படம் எடுத்தேன்.

படத்தில் தெரிகிற கோடு உலோகத்தில் இருக்கிறதா, அல்லது படத்தின் மேல் விழுந்த கீறலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் ஒரே உறைக்குள் இரண்டு படம் வைக்கிறோம். ஒன்றில் மட்டும் கோடு இருந்தால் அது கீறல். இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் உலோகத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் புரியும் சோதனை, யாரும் சந்தேகப்பட முடியாதது.

படத்தைக் கழுவும் அறை இருட்டு. அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, விரலுக்குத்தான். உறையைப் பிரித்தேன். இரண்டு படத்தையும் பிரிக்காமல் ஒன்றாக அடுக்கி, இரும்பு ஸ்கேலை மேலே வைத்து, அதன் ஓரமாக என் கட்டைவிரல் நகத்தால் ஒரே ஒரு முறை அழுத்தி இழுத்தேன். அழுத்தம் பட்ட இடம் கழுவியதும் கறுத்துவிடும். ஓரம் ஒட்டாமல் விட்ட வெல்டிங் எப்படித் தெரியுமோ அப்படி, நேராக, மெல்லிசாக.

நூல் வந்து உட்கார்ந்தான். படத்தை விளக்குப் பெட்டியில் வைத்தான்.

"அத்தான், கோடு இருக்கு."

"எவ்வளவு?"

"பதினொண்ணு." பிறகு, "இருங்க, கீறலா இருக்கும், ரெண்டாவதப் பாத்துடறேன்" என்றான். பார்த்தான். "அதுலயும் இருக்கு. அதே இடம்."

"அப்போ?"

"அப்போ உலோகத்துலதான். எழுதுங்க."

எழுதினேன். இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்: குறையைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அவன். அளந்ததும் அவன். அவன் சொன்னதை எழுதுகிறவன் மட்டும்தான் நான்.

மறுபடி உள்ளே போனான். கிரைண்டரால் வெட்டி எடுத்து மறுபடி பற்றவைத்தான். இருபது இருபது நிமிடமாக நான்கு நாள். "தோண்டிப் பாத்தேன் அத்தான், ஒண்ணுமே கண்ணுல படலை" என்றான். "கிரைண்டர் தின்னிருக்கும் மாப்ள" என்றேன். அது நடக்கக்கூடியதுதான், பொய் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது முறை எடுத்த படத்திலும் பதினொன்று. என் விரலுக்கு நிதானம் போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அவன் விளக்குப் பெட்டியை அணைக்கக் கூட மறந்து எழுந்து போனான். சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ, "என்ன நூலு, சிக்கலாயிட்டியா?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கையைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

வீட்டில் என் மனைவி, "தம்பி சாப்பிடவே மாட்டேங்கறான். நீங்களாவது அவன்கிட்ட நாலு நல்ல வார்த்தை பேசக் கூடாதா? உங்க வாய்க்கு வேற என்ன வேலை?" என்றாள். பேசினேன். "எல்லாருக்கும் ஒரு நேரம் கை தவறும் மாப்ள" என்றேன். அவன் கண் கலங்கினான். காட்டிக்கொடுத்தவனுக்கு இவ்வளவு சீக்கிரம் கண் கலங்குவது எனக்கு வியப்பாக இருந்தது.

மூன்றாவது முறை. அவனுக்கு அந்த வருடக் கணக்கில் ஒரே ஒரு இருபது நிமிடம்தான் மிச்சம். அடித்துப்பிடித்து அதற்குள் முடித்தான். நான் இந்த முறை நகத்தை வைக்கவில்லை. இரண்டு முறை போதும் என்று தோன்றியது. நான் அளவு தெரியாதவன் அல்ல.

படத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா."

"வேணாம் அத்தான். என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு, கண்ண மட்டும் எப்படி நம்பறது? நீங்களே பாருங்க. நீங்க சொன்னா சரி."

நானே பார்த்தேன். இரண்டு படத்தையும் பார்த்தேன். இரண்டிலும் புகை. ஒரே அளவு, ஒரே இடத்தில். "ஏற்கலாம்" என்று எழுதினேன்.

ஒரே இடத்தை மூன்று முறை உருக்கி ஆறவைத்தால் இரும்பு சலித்துவிடும், விரிசல் விடும் என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்டீர்கள். தெரியும். அதையும் விதியில் எழுதியவன் நான்தான். மூன்றாவது முறை எடுத்த படத்தில் பதினான்கு மில்லிமீட்டர் விரிசல் இருந்தது என்கிறீர்கள். பிரிவுத் தலைவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே பார்த்துவிட்டாராம். இரண்டு படத்திலும் இருந்ததாம். இருந்திருக்கும்.

அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை நாளில், சுடுதண்ணீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் கூட்டினார்கள். எல்லோரும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். நூல் உள்ளே போனான். கணக்கில் நிமிடம் மிச்சமில்லை என்பதால் அளவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். தன் வெல்டிங் தாங்குகிறதா என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும் அவனுக்கு. நன்றாகக் குனிந்துதான் பார்த்திருக்கிறான். வெல்டிங் பிளந்து, ஆவி நேராக முகத்தில் அடித்தது.

உயிருக்கு ஆபத்தில்லை. கண் இரண்டும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் கட்டு போட்ட முகத்தோடு படுத்திருந்தான். என் செருப்புச் சத்தத்தை வைத்தே, "அத்தானா?" என்றான்.

"ம்."

"அந்தப் படத்துல ஒண்ணுமில்லதானே? நீங்க பாத்தீங்கல்ல?"

"சுத்தமா இருந்துச்சு மாப்ள."

"அப்ப என் கைதான்" என்றான். பிறகு, "நீங்க ஆபரேஷன் பண்ணிக்கோங்க அத்தான். இனிமே படிச்சுச் சொல்ல நான் வர முடியாதில்ல. பயப்படாதீங்க, உங்க கண்ணு விஷயத்த நான் யார்கிட்டயும் மூச்சு விடல" என்றான்.

எவ்வளவு இயல்பாகப் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் பெயர் கொடுத்தேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கோடு என்னுடையது. இரண்டு முறையும் என் நகம். மூன்றாவது முறை என் பேனா. இதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், வாதாட மாட்டேன். ஒன்றை மட்டும் பதிவுசெய்யுங்கள்: தொடங்கியவன் நான் அல்ல. என் கண்ணையே நான் யாரிடம் நம்பிக் கொடுத்து வைத்திருந்தேனோ, அவன் அதை ஒரு தாளில் எழுதி விற்றுவிட்டான்.

அந்தத் தாளைத் தாங்கள் இந்த நோட்டின் பின்னால் இணைத்திருக்கிறீர்கள். இப்போதுதான் பார்க்கிறேன். வருடாந்திரக் கண் பரிசோதனைப் படிவம். அச்சு முழுவதும் சாய்ந்த எழுத்து. "பார்வையில் குறை: உண்டு, இல்லை" என்று இரண்டு கட்டம். கையால் எழுதியது அதில் இரண்டுதான்: "உண்டு" என்பதற்கு நேராக ஒரு டிக், அதன் கீழே என் கையெழுத்து.